போலந்து ரயிலில் ஒரு ஜன்னல் சீட்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேறு நாட்டுக்குப் போய்விடவில்லை. போக வேண்டிய நாட்டுக்குள்ளேதான் இருந்தேன். ஊர் மட்டும்தான் மாறிப் போனது. எங்கள் கம்பெனி கேன்டீனில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு நாட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். போன வாரம் சாம்பார் வாங்க வரிசையில் நிற்கும்போது பேக்கிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி திரும்பி, "அக்கா, ரஷ்யா பார்டர் வரிக்கும் போயிட்டு வந்தீங்களாமே, மெய்யாலுமா?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாம்பாரே வேண்டாம் என்று தட்டோடு திரும்பிவிட்டேன். இனி யாராவது கேட்டால் இதை எடுத்து நீட்டலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் மின்னணு போர்டு செய்யும் கம்பெனியில் நான் லைன் லீடர். உள்ளங்கை அகலப் பச்சை அட்டையில் அரிசி அளவு பாகங்களைக் கையால் செருகுவதுதான் எங்கள் லைனின் வேலை. முப்பது பெண்கள். பாதிப் பேர் என்னைப் போல இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். மீதிப் பேர் தெற்கேயிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். போன வருஷம் மேனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்து, கைவேலை லைனை மூடப்போகிறோம், அந்த இடத்தில் மெஷின் வரப்போகிறது என்றார். மெஷினை ஓட்டச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குள்ளேயே ஆள் இருந்தால் லைன் பெண்களையே அதில் போடுவார்கள். இல்லையென்றால் வெளியிலிருந்து டிப்ளமோ முடித்த பையன்களைக் கொண்டுவருவார்கள். அப்படி வந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

கற்றுக்கொண்டு வருவதற்காகப் போலந்தில் இருக்கும் பெரிய ஃபேக்டரிக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒன்று நான். இன்னொருத்தி எங்கள் லைனிலேயே வயதில் சின்னவள், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். என்னைத் தனியாக அனுப்ப யோசித்துத் துணைக்கு அவளைச் சேர்த்தார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பாதுகாப்பு வகுப்பு. அதில் உட்காராதவரை மெஷின் பக்கமே விடமாட்டார்கள். அடுத்த வகுப்பு அடுத்த மாதம்தான். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது சர்டிபிகேட்டோட வரணும்மா. இல்லாட்டி மேல என்னால பேச முடியாது" என்று கிளம்பும் நாளில்கூட மேனேஜர் சொன்னார். அந்த ஒருத்தர் யார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

இனி சீட் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி பஸ்ஸில் போகாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் ரூட் பஸ் காஞ்சிபுரத்தில் கிளம்பி, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று எல்லா இடத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு அதற்கப்புறம்தான் எங்கள் பிள்ளைப்பாக்கத்துக்கு வரும். நான் ஏறும்போது காலியாகத் தெரிகிற சீட்டில் எல்லாம் ஒரு டிபன் பையோ, துப்பட்டாவோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு ஹேர்கிளிப்போ உட்கார்ந்திருக்கும். பின்னால் ஏறப்போகும் தோழிக்காகப் போட்டு வைத்த இடம். முதல் வருஷம் முழுக்க நின்றுகொண்டே போனேன். அப்புறம் கற்றுக்கொண்டேன். டிபன் பையை எடுத்து, போட்டவள் மடியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு எவள் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. "முன்னாடி இடம் கீதுக்கா, அங்க போய் உக்காரு" என்பார்கள். அது சுத்தப் பொய். அதை நம்பி எழுந்து போனவள் ஒரகடம் கூட்ரோடு வரை கம்பியைப் பிடித்துத் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அதிலும் எனக்கு ஜன்னலோரம் வேண்டும், வண்டி போகிற திசையைப் பார்த்த சீட்டாக வேண்டும். இல்லாவிட்டால் குமட்டும்.

பஸ்ஸைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. உலகத்துக்கே காரும் போனும் செய்து அனுப்புகிற ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரயில் நிலையம் கிடையாது. நான் ரயிலேறியதெல்லாம் திருப்பதிக்கு ஒரு தடவை, அப்புறம் மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் நாத்தனார் வீட்டுக்குச் சில தடவை. என்னோடு வந்த சின்னவளோ பொங்கல், தீபாவளி என்றால் தாம்பரத்தில் ஏறி விடிய விடிய ரயிலில் ஊர் போய்ப் பழகியவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலைநகரத்து ஸ்டேஷனில் நிற்கிறோம். மூக்கு எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். டிக்கெட்டை எங்கள் டிராவல் டெஸ்க் போனில் அனுப்பியிருந்தது. அதில் நாங்கள் போக வேண்டிய ஊர்ப் பெயரைப் படிப்பதற்குள் ஊரே தாண்டிவிடும் போல அத்தனை எழுத்து. ரயில் வந்து நின்றது. எங்கள் கையில் நான்கு பெட்டி. அதில் ஒன்று முழுக்க அரிசி, பருப்பு, புளி, ஊறுகாய். எதிரே நின்ற கதவில் நான் ஏறிவிட்டேன்.

"யக்கா, நம்ம பெட்டி நம்பரு வேறல்லா? முன்னால போவணும்" என்று அவள் கீழே நின்றபடி கத்தினாள்.

"ஏறுடி முதல்ல. இங்க காலியா கீது."

"நம்பர் பாத்துத்தானக்கா ரயில்ல ஏறணும்."

"இன்னாத்துக்கு நம்பரு? யாராவது வந்து கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

உள்ளே தனித்தனி அறையாக இருந்தது. ஆறு பேர் உட்காரும் அறை ஒன்று காலி. ஜன்னலோரம், முன்பக்கம் பார்த்த சீட். பதினைந்து வருஷ பஸ் பயணத்தில் எனக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை. உட்கார்ந்தேன். மடியில் கைப்பை. அதில் இரண்டு பாஸ்போர்ட்டும், கம்பெனி கொடுத்த கடிதமும், இந்த நாட்டு சிம் போட்ட என் போனும். அவள் தொலைத்துவிடுவாள் என்று எல்லாவற்றையும் நானே வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சீட்டில் கிழவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்துச் சீட்டில் அவருடைய நாய். நாய்க்கும் டிக்கெட் வாங்கியிருப்பார் போல, அது அத்தனை உரிமையோடு உட்கார்ந்திருந்தது.

டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். போனை வாங்கிப் பார்த்தார். அவர் பாஷையில் நீளமாக எதையோ சொல்லி, முன்பக்கமாகக் கையை நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். சரிதான், எங்கள் சொந்த சீட் முன்னால் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் அங்கே நான்கு அந்நியர்களுக்கு நடுவில், பின்பக்கம் பார்த்து உட்கார நான் ஏன் போக வேண்டும்? அவர் போய்விட்டார். நான் காலை நீட்டிக்கொண்டேன்.

எனக்குத் தொண்டை கரகரத்தது. "முன்னால சாப்பாட்டுப் பெட்டி இருக்கும்க்கா. வெந்நி வாங்கிட்டு வாரேன்" என்று அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள். "நீங்களும் வாங்கக்கா, அங்கன சூடா ஏதாச்சும் இருக்கும்" என்று கூப்பிடவும் செய்தாள். எப்படிப் போவது? இரண்டு பேரும் எழுந்தால் இடம் போய்விடாதா?

அவள் போன கொஞ்ச நேரத்தில் ரயில் ஒரு பெரிய ஸ்டேஷனில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பேசியது. முடித்துவிட்டு மறுபடி அதையே பேசியது. பெட்டியில் சிலர் எழுந்து மூட்டை முடிச்சோடு முன்பக்கம் போனார்கள். இறங்குகிறார்கள் என்று நினைத்தேன். எதிரிலிருந்த கிழவரும் எழுந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஜன்னலைக் காட்டினார், எங்கள் பெட்டிகளைக் காட்டினார், முன்பக்கம் கையை வீசினார். எழுந்திரு, அங்கே போ. இந்தச் சைகை எனக்கு எந்த நாட்டிலும் புரியும்.

"நோ. ஹியர் ஓகே" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வழியில் நின்ற தடித்த அம்மாள் ஒருத்தியைக் கூப்பிட்டார். அவளும் உள்ளே தலையை விட்டு அதே சைகையைச் செய்தாள். இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் நான் பயந்துவிடுவேனா? எங்கள் பஸ்ஸில் எட்டுப் பேர் சேர்ந்து கத்தியும் நான் அசைந்ததில்லை. அந்த அம்மாள் என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கவே ஆரம்பித்துவிட்டாள். "இன்னாம்மா நீ, என் பொட்டி மேல கை வெக்கிற? அம்மாம் பெரிய ரயில்ல உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று தமிழிலேயே கொடுத்தேன். அவள் பெட்டியை விட்டுவிட்டு, கிழவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். நாய்க்குக்கூடத் தெரிந்திருந்தது எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்று.

கடைசியில் டிக்கெட் பார்க்கிறவரே ஓடி வந்தார். "ஃப்ரண்ட், ஃப்ரண்ட்!" என்றார். அவரிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

"ஹியர் குட் சீட் சார். நோ ப்ராப்ளம்" என்றேன்.

"ப்ராப்ளம்!" என்றார் அவர்.

"நோ ப்ராப்ளம் சார்."

"ப்ராப்ளம்! ப்ராப்ளம்!"

வெளியே விசில் ஊதினார்கள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி எதையோ சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது. முழு அறையும் எனக்கே. ஸ்வெட்டரை அவள் சீட்டில் போட்டு அதற்கும் இடம் பிடித்து வைத்தேன்.

ஒரு குலுக்கல். அப்புறம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து ரயில் நகர்ந்தது, ஆனால் வந்த பக்கமே திரும்பி. முன்பக்கம் பார்த்த சீட் பின்பக்கம் பார்த்த சீட் ஆகிவிட்டது. எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. இவளையும் காணோம். வெந்நீர் வாங்கப் போனாளா, கிணறு வெட்டப் போனாளா என்று திட்டிக்கொண்டே எழுந்து சாப்பாட்டுப் பெட்டியைத் தேடிப் போனேன். ஒரு பெட்டி தாண்டினேன். இரண்டாவது பெட்டியின் கடைசியில் கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் பெட்டி இல்லை. தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடியில் கை வைத்து நின்றேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன், அவள் தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள் என்றே நினைத்து.

சத்தம் கேட்டு டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். இவர் வேறு ஆள், நல்ல உயரம். இவரிடம் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் இல்லை. என் போனில் மொழிபெயர்த்துச் சொல்லும் ஆப் இருந்தது. ரயில் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்ததால் அது சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தமிழில் கத்தினேன், அவர் அவருடைய பாஷையில் கத்தினார். கடைசியில் அவர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தார். பிறகு பிரித்தார். வலது கையை அந்தப் பக்கம் கொண்டுபோனார், இடது கையை இந்தப் பக்கம். இடது கையைக் காட்டி என்னையும் காட்டினார்.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் லைனிலும் இப்படித்தான். ஒரே பெல்ட்டில் வரும் போர்டு கடைசியில் இரண்டாகப் பிரியும். நல்லது ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம். ஒரு ரயிலை நடு வழியில் இரண்டாக வெட்டி இரண்டு ஊருக்கு அனுப்புவார்கள் என்று யார் கண்டது? வெட்டுகிறவர்கள் மனிதர்களிடம் மனிதர்கள் பேசுகிற மாதிரி சொல்ல வேண்டாமா? போ, போ என்று கையை வீசினால் எவள் எழுந்து போவாள்? இன்றைக்கும் நான் இதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த ஸ்டேஷனில் அந்த உயரமானவர் நான்கு பெட்டியையும் இறக்கி வைத்து, அங்கே சிவப்புத் தொப்பி போட்டிருந்த ஸ்டேஷன் அம்மாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஊரே இல்லாத ஸ்டேஷன். ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், சுற்றிலும் மரம். பெஞ்சில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் மறைமலை நகரில் ஏதோ காதுகுத்து விழாவில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

"மா, டென்ஷன் ஆகாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. அங்க ஹெல்ப் டெஸ்க்ல கேளுங்க."

"இங்க டெஸ்க்கே இல்ல சார். ஒரு பெஞ்சுதான் கீது."

"டிக்கெட்ல கோச் நம்பர் க்ளியரா போட்டிருக்கேம்மா. டிராவல் டெஸ்க்ல ஹைலைட்டே பண்ணி அனுப்புனாங்களே."

"சார், பொண்ணக் காணோம் சார்! அவகிட்ட போன் இல்ல, பாஸ்போர்ட் இல்ல, கையில ஒரு பிளாஸ்க்தான் கீது!"

"அய்யோ. சரி சரி. நான் பிளான்ட்டுக்கு ஒரு மெயில் போடறேன்."

"ஞாயித்துக்கெழமை எவன் சார் மெயில் பாப்பான்?"

"மா, சத்தம் கேக்கல, இங்க கறி விருந்து ஆரம்பிச்சிட்டாங்க…" போன் கட்டாகிவிட்டது. அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

போனைக் கீழே வைப்பதற்குள் மறுபடி அடித்தது. அவளுடைய அம்மா. மகள் போன் எடுக்கவில்லை என்றால் எனக்குப் போடுவது அவர்கள் வழக்கம்.

"என்னம்மா, நல்லா இருக்கீயளா? அங்க குளிரு ரொம்பவோ? பிள்ள போன எடுக்க மாட்டேங்காளே, பக்கத்துல இருக்காளா?"

"தூங்குறாம்மா" என்றேன். எப்படி அப்படி வந்தது என்று தெரியவில்லை.

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதீய. நீங்க பக்கத்துல இருக்கீயல்லா, எனக்கு அது போதும்."

அந்த அம்மாள் வைத்த பிறகு நான் அழுதேன். பயத்தில் பாதி, அவர் மகள்மேல் வந்த கோபத்தில் பாதி. யார் வெந்நீர் கேட்டது? தொண்டை கரகரத்தால் எச்சிலை விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேனே! சிவப்புத் தொப்பி அம்மா வந்து என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ. அவளிடம் சின்னவளின் புகைப்படத்தைக் காட்டி, கையைப் பிரித்துக் காட்டி, நான் அழுததில் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். பிறகு எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் என்னை ஏற்றி, இந்தத் தடவை பெட்டிக்குள்ளேயே வந்து, எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்று தொட்டுக் காட்டிவிட்டு இறங்கினாள். உட்கார்ந்தேன்.

பழைய பெரிய ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது, நாங்கள் போக வேண்டிய ஊருக்கு ரயில் இனி மறுநாள் காலையில்தான் என்று தெரிந்தது. அது போய்ச் சேர மதியம் ஆகும். எட்டு மணி வகுப்புக்கு இனி வழியே இல்லை. காத்திருக்கும் ஹாலில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, திரும்பிப் போய் லைனில் இருக்கும் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். ஒருத்தி பஸ் பாஸுக்குச் சண்டை போடுவாள், ஒருத்தி கருமாரியம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டு எனக்காக வேண்டிக்கொண்டாள். அத்தனை பேர் சோற்றிலும் மண்ணைப் போட்டது ஒரு ஜன்னல் சீட். அதையும் சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. அவள். கையில் டீ கப். பக்கத்தில் செக்யூரிட்டி உடுப்பில் ஒரு பெண். பின்னால் எங்கள் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் போர்டு. கீழே, "அக்கா நான் வந்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க? சாப்டீங்களா?"

உயிர் வந்தது. உடனே எரிச்சலும் வந்தது. சிரித்துக்கொண்டு நிற்கிறாள்! நான் இங்கே அவள் அம்மாவிடம் பொய் சொல்லி, அழுது, மூக்கு வீங்கிக் கிடக்கிறேன், அவள் டீ குடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்புகிறாள்.

எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதைப் பிறகு சொன்னாள். திரும்பி வந்து பெட்டியைக் காணாமல் சாப்பாட்டுப் பெட்டியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவள் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கியிருக்கிறது. எங்கள் பெண்கள் அதைக் கழற்றவே மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் அது கழுத்தில் ஆடும். அங்கே டீ போடுகிற பெண் அந்தக் கார்டில் கம்பெனி பெயரைப் பார்த்து, அதே பெயரில் தன் ஊரில் ஃபேக்டரி இருப்பதைத் தெரிந்துகொண்டு, தானே போன் செய்து, ஸ்டேஷனுக்கு வந்த ஃபேக்டரி ஆளிடம் ஒப்படைத்துவிட்டாள். அந்தப் பெண் உட்கார் என்றால் உட்காருவது, எழுந்திரு என்றால் எழுந்திருப்பது. இவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் நான் ஃபேக்டரி வாசலில் போய் நின்றேன். வகுப்பு காலையிலேயே முடிந்திருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், நீல மேலங்கி போட்டுக்கொண்டு அவள் மெஷினுக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. எனக்கு விசிட்டர் அட்டை கொடுத்தார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சைகையில் காட்டினார்கள். மேனேஜர் போனில், "பரவால்லம்மா, ஒருத்தராவது உள்ள போயிட்டாங்களே. நீங்க அந்தப் பொண்ணப் பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன? கெஸ்ட் ஹவுஸில் அவளுக்குச் சோறு பொங்கிப் போடுவது. பதினைந்து வருஷ சர்வீஸ், விசா, விமானம், எல்லாம் போலந்துக்குப் போய் ரசம் வைக்க.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாகத் தட்டைப் போட்டுச் சோற்றை வைத்தேன். பசி போலிருக்கிறது, குனிந்தே சாப்பிட்டாள்.

"அக்கா வராங்க, கொஞ்சம் நில்லுங்கன்னு கிளாஸ்ல சொன்னியா நீ?" என்று கேட்டேன். காலையிலிருந்து அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"சொன்னேன்க்கா. வாசலப் பாத்து வாசலப் பாத்துக் கையக் காட்டுனேன். அவங்களும் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்பறம் கதவ மூடிட்டாங்க."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"கதவ மூடயில, அக்கா இப்ப வந்துரக் கூடாதேன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன். நீங்க இருந்தா மெசின்ல என்னைய கை வைக்க விட மாட்டீய. நான் பிளாஸ்க்கப் புடிச்சிட்டுப் பக்கத்துல நிப்பேன். எனக்கும் அந்த சர்டிபிகேட் வேணும்க்கா. ஊருக்குத் திரும்பிப் போவச் சொல்லிட்டா என்னைய கட்டிக் குடுத்துருவாங்க. நான் இத யார்ட்டயும் சொல்லல."

எனக்கு வந்த கோபத்தில் ரசத்தை எடுத்து அவள் தலையில் ஊற்றியிருக்கலாம். இவளுக்காகத்தானே அழுதேன்! இவள் அம்மாவிடம் பொய் சொன்னேன்! ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் அந்த அறையில் இருந்திருந்தால், முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் நானே தொட்டிருப்பேன். அவள் அந்த நிமிஷம் அப்படி நினைத்தது எனக்கு வலித்தது. இத்தனை நாளாக அவளுக்கும் ஏதோ வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பது அதைவிட வலித்தது.

இன்னொரு கரண்டி ரசத்தை அவள் தட்டில் ஊற்றினேன்.

"இன்னா சொல்லிக் குடுத்தாங்க இன்னிக்கு?" என்றேன். "முப்பது பேருக்கு நீ போய்ச் சொல்லணும். எனக்குச் சொல்லிக் காட்டு பாக்கலாம்."

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, டம்ளரையும் ஸ்பூனையும் வரிசையாக அடுக்கி ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்கும் விதம் சகிக்கவில்லை. கடைசியில் வர வேண்டியதை முதலில் சொன்னாள். நடுவில் விட்டதற்குத் திரும்பிப் போனாள். பாகம் வரும் சுருளை மாட்டுவது எப்படி என்று காட்டாமலே பூட்டுவதற்குப் போய்விட்டாள்.

"அப்படி இல்லடி, மொதல்ல…" என்று ஸ்பூனைப் பிடுங்கப் போனேன்.

அவள் கொடுக்கவில்லை. ஸ்பூனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, மொதல்ல நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க" என்றாள்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.